கரையோரத்தில் குடும்ப டொக்டருக்கு இடமிருக்கிறதா?

மெடிசின் கிடைத்த பிள்ளை உள்ள வீடுகளில் இப்போது சந்தோஷத்தோடு குழப்பமும் சேர்ந்தே வருகிறது. டொக்டர்மார் கூட்டம் கூட்டமாக வெளிநாடு போகிறார்கள் என்கிறார்கள். படித்து முடித்தவர்கள் நியமனத்துக்குக் காத்திருக்கிறார்கள் என்றும் சொல்கிறார்கள். இரண்டும் எப்படி ஒன்றாக நடக்கும்? நடக்கும். நோயாளிகள் இருப்பது வேறு, அவர்களைப் பார்க்க ஒரு பதவி இருப்பது வேறு. சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரையான நம் கரையில் இந்த வேறுபாடு நன்றாகவே தெரிகிறது.

பல்கலைக்கழக அனுமதியில் பெரும்பங்கு மாவட்ட அடிப்படையில்தான் கொடுக்கப்படுகிறது. அதனால்தான் புத்தளத்துப் பிள்ளைகளும் மருத்துவ பீடம் போகிறார்கள். ஆனால் நியமனத்துக்கு வந்ததும் மாவட்டம் மறைந்துவிடுகிறது. ஒரு வருட உள்ளகப் பயிற்சி முடிந்த பிறகு, முழு இலங்கைக்குமான தகுதி வரிசைப்படிதான் வெற்றிடங்களைத் தெரிவு செய்ய வேண்டும். முன்வரிசையில் நிற்பவர் கொழும்பையும் கண்டியையும் எடுத்துக்கொண்டால் ஒதுக்குப்புற இடங்கள் பின்வரிசைக்கு விழும். விருப்பமில்லாமல் வந்தவர் இடமாற்றக் கடிதம் எப்போது வரும் என்று பார்த்திருப்பார். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? 13ஆவது திருத்தத்துக்குப் பிறகு சிறிய வைத்தியசாலைகள் மாகாண சபையின் கீழ் வந்தன, ஆனால் டொக்டரை அனுப்புவது மத்திய சுகாதார அமைச்சு. கட்டடம் ஒருவர் கையில், ஆள் இன்னொருவர் கையில்.

அரச சேவைக்கு வெளியே இருப்பது தனியார் டிஸ்பென்சரி. நம்மூரில் குடும்ப டொக்டர் என்றால் காலங்காலமாக இதுதான். இந்தத் தொழிலின் கணக்கைப் பெற்றோர் தெரிந்துகொள்வது நல்லது. பகலில் அரச வைத்தியசாலையின் ஓபிடி இலவசம். மாலையில் அரச டொக்டர்மாரே தனியாகப் பார்க்கிறார்கள். கடமை நேரத்துக்கு வெளியே அப்படிப் பார்க்க 1977 முதல் அனுமதி உண்டு. முழுநேர டிஸ்பென்சரிக்காரர் இரண்டுக்கும் நடுவில் நின்று பிழைக்க வேண்டும். அவர் வாங்கும் காசில் மருந்தும் அடக்கம் என்பதால், 2022இல் ரூபாய் சரிந்து மருந்து விலை ஏறியபோது அந்தச் சுமையும் அவர் தலையில்தான் விழுந்தது.

பிரித்தானியாவில் ஒவ்வொருவரும் ஒரு குடும்ப டொக்டரிடம் பதிந்திருப்பார்கள், நிபுணரிடம் போக அவர் கடிதம் வேண்டும். இங்கே காசிருந்தால் யாரும் நேரே நிபுணரைச் சனல் பண்ணலாம். குடும்ப டொக்டரைத் தாண்டிப் போக வழியிருக்கும் வரை அவருடைய வேலைக்கு உரிய பெறுமதி கிடைக்காது.

ஆனால் அவருக்கு வேலை இல்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சீனியும் பிரஷரும் உள்ள ஒரு மீனவரை எடுத்துக்கொள்ளுங்கள். கிளினிக் காலையில், அவர் வள்ளம் கரைக்கு வருவதும் காலையில். பருவம் மாறினால் உடப்பிலிருந்து தொழிலுக்காகக் கிழக்குக் கரைக்குப் போய்விடுவார். கிளினிக் கொப்பி ஈரம் படாமல் சொப்பிங் பேக்கில் வீட்டில் தொங்கும், குளிசை இடையில் நின்றுபோகும். கால் புண்ணோடு திரும்பி வரும்போது காரியம் மிஞ்சியிருக்கும். அவர் எப்போது போவார், எப்போது வருவார், வீட்டில் சமையல் எப்படி என்று தெரிந்து, போகுமுன்பே மருந்துக்கு ஒழுங்கு செய்யக்கூடியவர் பக்கத்து டொக்டர் ஒருவர்தான். கொழும்பு நிபுணரால் இது முடியாது.

அதற்கான படிப்பும் நம் நாட்டிலேயே இருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனம் குடும்ப வைத்தியத்தில் டிப்ளோமாவும் எம்.டி.யும் தருகிறது. 2018இல் உலக வங்கியின் 20 கோடி டொலர் கடனோடு ஆரம்ப சுகாதாரச் சீரமைப்பு ஒன்று தொடங்கியது. ஒவ்வொரு சிறிய வைத்தியசாலைக்கும் அதற்குரிய மக்களைப் பொறுப்புக் கொடுத்து, ஆளுக்கொரு பதிவேடு வைத்துத் தொடர்ந்து பார்ப்பது அதன் நோக்கங்களில் ஒன்று. இது ஒழுங்காக நடந்தால் குடும்ப வைத்தியம் படித்தவருக்கு அரச சேவையிலேயே மதிப்பான இடம் அமையும். என் பார்வையில் இந்தக் கரையின் பெரிய வாய்ப்பு அதுதான், டிஸ்பென்சரி இரண்டாவதுதான். எதில் இருந்தாலும் தமிழும் சிங்களமும் இரண்டும் பேசத் தெரிய வேண்டும். புத்தளம் மாவட்டத்தில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் தமிழ் பேசுபவர், மற்றவர்களில் பெரும்பாலானோர் சிங்களம் பேசுபவர்கள்.

அமைச்சு ஒன்றைச் செய்யலாம். சொந்த மாவட்டத்தில் குறிப்பிட்ட காலம் இருக்கச் சம்மதிக்கும் டொக்டருக்கு, அங்குள்ள வெற்றிடத்தில் முன்னுரிமையும் குடும்ப வைத்தியப் பயிற்சிக்கு இடமும் கொடுக்கட்டும். மாவட்டத்தின் பெயரில் உள்ளே எடுத்த பிள்ளை அதே மாவட்டத்துக்குத் திரும்பி வர வழி வேண்டாமா? பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: உங்கள் பிள்ளை நிபுணராகாமல் ஊரிலேயே குடும்ப டொக்டராக இருக்கப் போகிறேன் என்றால், தயவுசெய்து தடுக்காதீர்கள்.