ஓராண்டு எவருக்கு உரியது?

யு.பி.எஸ்.ஆர். தேர்வு நடப்பிலிருந்த காலத்தில், மலாய்மொழித் தாள்களில் குறித்த நிலையை எட்டாத தமிழ், சீனப்பள்ளி மாணவர்கள் முதலாம் படிவம் செல்லாமல் புகுமுக வகுப்பில் ஓராண்டு அமர்த்தப்பட்டனர். கணிதத்தில் பெற்ற உயர்ந்த புள்ளியும் அவர்களைக் காக்கவில்லை. அதே பாடத்தில் தளர்ந்த தேசியப்பள்ளி மாணவனோ நேரே முதலாம் படிவம் புகுந்தான். இது மொழிப்பயிற்சியா, பயின்ற பள்ளிக்கு இட்ட தண்டனையா?

“அடித்தளம் வலுப்பெறும்” என்பர் சிலர். தோழர்களைப் பிரிந்து பின்தங்கும் ஏழை மாணவன் கல்வியையே துறக்கக்கூடும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. அத்தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. அளவுகோலும் நேராக வேண்டும். முதலாம் படிவத்தில் இடமளித்து, அங்கேயே மொழித்துணையும் தருக. தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் மொழிக்குறையை நான்காம் ஆண்டிலேயே கண்டு களைக. மாணவனின் ஓராண்டு மாணவனுக்கே உரியது.