தாலந்து என்றால் கூலி

வேதியர் பணியில் அமர்த்தும் சடங்கு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. "நாங்கள் விண்ணப்பிக்கலாமா, வேண்டாமா?" என்று கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து வரும் கடிதங்களுக்கு இதுவரை பிடிகொடுக்காமலேயே பதில் எழுதி வந்தோம். இனி அது முறையல்ல. விண்ணப்பியுங்கள். ஆனால் வெறுங்கையோடு போகாதீர்கள்.

2021 மே 10-இல் திருத்தந்தை பிரான்சிஸ் கையெழுத்திட்ட 'அன்டிக்குவும் மினிஸ்தேரியும்' மடலை நீங்கள் படித்திருப்பீர்கள். அந்த ஆண்டு டிசம்பரில் சடங்கு நூலோடு ஆயர் பேரவைகளுக்குப் போன கடிதத்தைத்தான் பலர் படிக்கவில்லை. குருத்துவப் பயிற்சியில் இருப்போரையும், பள்ளியில் மறைக்கல்வி மட்டும் நடத்துவோரையும் இப்பணியில் அமர்த்த வேண்டாம் என்கிறது அது. புதுநன்மைக்குப் பிள்ளைகளைத் தயாரிப்போர் எல்லாருக்கும் இது வேண்டியதில்லை என்றும் சொல்கிறது. இதைக் கேட்டுச் சிலர் மனம் நொந்தார்கள். நோக வேண்டாம். குரு இல்லாத இடத்தில் ஞாயிறு வழிபாடு நடத்துகிறவர், நோயாளியைத் தேடிப் போகிறவர், அடக்கச் சடங்கை முன்நின்று செய்கிறவர், இவர்களைத்தான் அந்தக் கடிதம் தேடுகிறது. நம் பகுதியில் இவர்களை உபதேசியார் என்றே ஊர் அழைக்கும். சட்டம் இப்போதுதான் அவர்கள் வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறது.

துணிவு பற்றி ஒரு வார்த்தை. திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகத்தின் தொடக்கத்தில் கொடையையும் அச்சமின்மையையும் பவுல் ஒரே மூச்சில் பேசுகிறார். இரண்டும் ஒன்றையொன்று விட்டு நிற்பதில்லை. கம்பம்மெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்து லயத்தில் ஒரு சாவு விழுகிறது. கீழேயிருந்து சாமி வந்து சேர மறுநாள் ஆகும். பகலெல்லாம் காய் எடுத்த கையோடு உபதேசியார் போய் உடல் பக்கத்தில் நிற்கிறார். செபத்தைத் தொடங்கும்போது குரல் நடுங்குகிறது. நடுங்கும் குரலிலேயே முடிக்கிறார். எனக்குத் தெரிந்த துணிவு அதுதான். கல்லறையில் சாதிக்கொரு மூலை வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசும் இடத்தில், மண் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று எழுந்து சொல்வது அதைவிடப் பெரிய துணிவு. சொன்னவர் மறுநாளும் அந்தத் தெருவழியாகத்தான் நடக்க வேண்டும்.

இது நமக்குப் புதிதல்ல. 1686-இல் மறவர் நாட்டில் அருளானந்தரோடு பிடிபட்டு வதைபட்டவர்கள் அவருடைய உபதேசியார்கள். அருளானந்தர் பெயரை நம் பிள்ளைகளுக்கு வைக்கிறோம். அவர்கள் பெயர் நம் நாவில் இல்லை. 1752-இல் காற்றாடிமலையில் சுடப்பட்ட தேவசகாயமும் குருவல்ல, துறவியுமல்ல, நம்மைப்போல் குடும்பக்காரர். 2022 மே 15-இல் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தபோது நம் ஊர்களிலும் வெடி போட்டோம்.

விழா நமக்கு எளிது. என் மனத்தில் பல காலமாகக் கிடக்கும் ஒன்றுக்கு இப்போது வருகிறேன்.

தாலந்து என்ற சொல்லைத் திறமை என்ற பொருளில் மட்டும் பிரசங்கத்தில் கேட்டுப் பழகிவிட்டோம். மத்தேயு 25-இல் அது பணம். ஒரு தாலந்து ஏறத்தாழ 6000 தெனாரியம். அதே நற்செய்தியின் 20-ஆம் அதிகாரத்தில், திராட்சைத் தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குக் கூலி ஒரு தெனாரியம். அப்படியானால் ஒரு தாலந்து என்பது 6000 நாள் கூலி, வருடத்துக்கு 300 நாள் என்று வைத்தால் இருபது ஆண்டு உழைப்பு. அந்தத் தலைவர் ஊழியர்களைப் பாராட்டிவிட்டுப் பயணம் போகவில்லை. முதலைக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

நம் கையில் என்ன கொடுத்தார்கள்? என் தந்தையும் உபதேசியார். அவர் ஓய்வு பெற்ற நாளில் பங்கில் பொன்னாடை போர்த்தினார்கள், ஒரு சுவர்க்கடிகாரமும் தந்தார்கள். அதற்குப் பின் அவர் மருந்துக்குக் கடன் வாங்கினார். கடன் கேட்டுப் போன வீடுகளில் பாதி, அவர் மந்திரம் சொல்லிக்கொடுத்த வீடுகள். பங்கின் மேல் அவருக்குக் கடைசிவரை கோபம் வரவில்லை. எனக்கு வந்தது, இன்னும் போகவில்லை.

திருச்சபைச் சட்டம் 231-ஐ மேலிடத்தில் எல்லாரும் அறிவார்கள். அதன் முதல் பத்தி தகுந்த பயிற்சி பெறுவது நம் கடமை என்கிறது. அதை வைத்து நம்மை ஆண்டுதோறும் பயிற்சிக்கு அழைக்கிறார்கள். போகிறோம், பேருந்துக் கட்டணமும் நாமே கொடுக்கிறோம். இரண்டாம் பத்தி தகுந்த ஊதியம், சமூகக் காப்புறுதி, மருத்துவ உதவி ஆகியவற்றை நம் உரிமை என்கிறது. அந்தப் பத்தியை எந்தப் பயிற்சியிலாவது வாசிக்கக் கேட்டிருக்கிறீர்களா? முழுநேர வேதியருக்கு நியாயமான ஊதியம் வேண்டும் என்று 1965-இலேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம் தன் நற்செய்திப் பணி ஆணையின் 17-ஆம் எண்ணில் சொல்லிவிட்டது. 'தொண்டு' என்ற ஒரு சொல்லால் அத்தனையையும் மூடி வைத்திருக்கிறார்கள். கேட்டால் விசுவாசம் குறைந்துவிட்டதா என்கிறார்கள். வகுப்பெடுப்போரில் பெரும்பாலோர் பெண்கள் என்பதால், வீட்டில் சம்பாதிக்க ஆள் இருக்கிறதே என்று வேறு ஒரு பதில். கோபுரத்துக்குக் கிடைக்கும் நிதி உபதேசியாரின் வைப்புநிதிக்கு மட்டும் ஏன் கிடைப்பதில்லை?

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1832-இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்த கொடி என்பது அதன் வரலாறு. குழி வெட்டுவதிலிருந்து கவாத்து வரை நம் விவசாயிக்கு அதில் எல்லாம் அத்துபடி. கல்லுக்கால் நட்டு, கம்பி இழுத்துப் பந்தல் போடக் கடன்படுகிறார். பந்தலுக்குச் செலவழிக்காமல் கொடியின் விசுவாசத்தைச் சோதிக்கிற விவசாயி இராயப்பன்பட்டியில் ஒருவரும் இல்லை.

தாலந்தைப் புதைத்தவன் தலைவருக்குப் பயந்தேன் என்றான். நாமும் பயந்துதான் இத்தனை ஆண்டு வாய் திறக்கவில்லை. ஆயர் முன் மண்டியிட்டுப் பணியை ஏற்கப் போகிறவர்கள், அந்தப் பயத்தை முதலில் கீழே வைக்க வேண்டும். விண்ணப்பத்தில் உங்களுக்குக் கடவுள் தந்த கொடை எது என்று எழுதுங்கள். பாட்டோ, பேச்சோ, துக்க வீட்டில் உட்கார்ந்திருக்கும் பொறுமையோ, எதுவானாலும் கூச்சமின்றி எழுதுங்கள். எத்தனை ஆண்டு, எந்தக் கிராமங்கள், எத்தனை அடக்கங்கள் என்று எழுதுங்கள். கடைசி வரியில் 231, இரண்டாம் பத்தி என்று குறிப்பிட்டு, பணியில் அமர்த்தும்போதே அதற்கான ஏற்பாட்டையும் எழுத்தில் தரும்படி கேளுங்கள். பிரதி ஒன்று எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தபாலில் போட வேண்டாம். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பங்குத்தந்தையின் கையில் நேரில் கொடுங்கள்.