பேஸ்ட்டும் மலிவு, பிஸ்கட்டும் மலிவு!

2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் தேதி நம் நாட்டில் ஜி.எஸ்.டி. வரி மாறியது. டி.வி.யில் பெரியவர்கள் கார் விலை, ஏ.சி. விலை என்று விவாதம் செய்தார்கள். அந்தப் பட்டியலில் உங்கள் வாய்க்குள் போகிற பொருள்களும் இருந்தன. அதைப் பற்றி உங்களிடம் யாரும் பேசவில்லை. நாம் பேசுவோமா?

டூத் பேஸ்ட்டுக்கும் பிரஷ்ஷுக்கும் 18 சதவீதமாக இருந்த வரி 5 சதவீதம் ஆனது. பல்பொடிக்கு 12-ல் இருந்து 5. நல்ல செய்திதானே? கொஞ்சம் பொறுங்கள். பிஸ்கட், சாக்லேட், ஐஸ்கிரீம் ஆகியவற்றுக்கும் 18-ல் இருந்து 5 ஆகிவிட்டது! சர்க்கரை சேர்த்த கேஸ் கூல்டிரிங்க்ஸுக்கு மட்டும் 40 சதவீதம். (முன்பும் செஸ் வரியோடு சேர்த்தால் அதே 40 தான்.)

ஒரு கணக்குப் போடுங்கள். 18 சதவீத வரியோடு 100 ரூபாய்க்கு விற்ற பேஸ்ட்டின் அசல் விலை 84 ரூபாய் 75 காசு. அதோடு 5 சதவீதம் சேர்த்தால் ஏறக்குறைய 89 ரூபாய். வீட்டுக்கு 11 ரூபாய் மிச்சம். அதே கணக்கில் 5 ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டை 4 ரூபாய் 45 காசுக்கு விற்க வேண்டும். பெட்டிக்கடைக்காரர் 55 காசு சில்லறைக்கு எங்கே போவார்? அதனால் சில கம்பெனிகள் விலையை அப்படியே வைத்து, உள்ளே எடையைக் கூட்டின. கணக்குப்படி எட்டில் ஒரு பங்கு கூடும். அதாவது, அதே காசுக்கு இன்னும் கொஞ்சம் இனிப்பு மாவு! பெரியவர்களுக்கு இது விலைக் குறைப்பு. உங்கள் கடைவாய்ப் பற்களுக்கு அப்படி அல்ல.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் இது இன்னும் முக்கியம். இங்கே ஷூ கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்களில் பெண்கள் ஏராளம். அம்மாவோ அம்மீயோ காலையிலேயே கம்பெனிக்குக் கிளம்பியாக வேண்டும். அவசரத்தில் பிள்ளையின் கையில் ஒரு நாணயத்தை வைத்துவிட்டுப் போவார்கள். அது அன்புதான், குற்றம் சொல்ல மாட்டேன். நான் வகுப்பெடுத்த காலத்தில் காலை பிரேயருக்கு வரும் பிள்ளைகளின் பற்களைப் பார்த்தே யார் கடைக்குப் போய் வந்தவர் என்று சொல்லிவிடுவேன்!

சர்க்கரை பல்லை எப்படிக் கெடுக்கிறது? அது நேரடியாகக் கெடுப்பதில்லை. பல்லின் மேல் ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்கள் அந்தச் சர்க்கரையைத் தின்று அமிலத்தை வெளியேற்றும். பல்லின் மேல்பூச்சான எனாமல், கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த தாது. அமிலம் பட்டால் அது கரையத் தொடங்கும். அதன் பிறகு உமிழ்நீர் அமிலத்தைத் தணித்துப் பழுது பார்க்க அரை மணி நேரமாவது ஆகும். ஆகவே, எவ்வளவு தின்கிறோம் என்பதோடு எத்தனை முறை தின்கிறோம் என்பதும் முக்கியம். பண்டிகையன்று சாப்பாட்டோடு இரண்டு ஆற்காடு மக்கன் பேடா சாப்பிடுபவரைவிட, ஒரு மிட்டாயை நாள் முழுக்கச் சப்பிக்கொண்டிருப்பவரின் பல்தான் சீக்கிரம் சொத்தையாகும். பிஸ்கட்டுக்கு இன்னொரு கெட்ட குணம், கடைவாய்ப் பல்லின் பள்ளத்தில் பசை போல ஒட்டிக்கொள்ளும்.

சரி, ஈறு? இதை நம் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்வது சுலபம். தோல் ஷாப்பில் பதப்படுத்தும் தோலில் பெரும்பகுதி கொலாஜன் என்ற புரதம். உங்கள் ஈறும் முக்கியமாக அதே கொலாஜனால் ஆனதுதான்! அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டை, கருவேலம்பட்டையின் துவர்ப்பைக் கொண்டு தோலை இறுக்கினார்கள். நம் பாட்டன்மார் பல் துலக்கிய வேலங்குச்சியில் இருப்பதும் அதே துவர்ப்புத்தான். ஆனால் உயிருள்ள ஈறு வெளியே தடவுவதால் மட்டும் உறுதியாகாது. உடல் கொலாஜனை உள்ளிருந்தே தயாரிக்க வேண்டும். அதற்கு வைட்டமின் சி அவசியம்.

அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கடலோடிகள் காட்டினார்கள். மாதக்கணக்கில் காய்ந்த ரொட்டியும் உப்பிட்ட இறைச்சியும் தின்றவர்களுக்கு ஈறு வீங்கி ரத்தம் கசிந்து பல் ஆடியது. ஸ்கர்வி என்று பெயர். 1747-ல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் டாக்டர் 12 நோயாளிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து வெவ்வேறு பொருள்களைக் கொடுத்துப் பார்த்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்ற இருவர்தான் விரைவில் தேறினார்கள்.

இன்று நம் பக்கம் ஸ்கர்வி அபூர்வம். உங்கள் ஈறில் ரத்தம் வந்தால் பெரும்பாலும் சரியாகத் துலக்காததே காரணம். நிற்காவிட்டால் பல் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். ஆனாலும் ஈறுக்குத் தீனி வேண்டும் அல்லவா? கொய்யாவில் ஆரஞ்சைப் போலப் பல மடங்கு வைட்டமின் சி உண்டு. நெல்லிக்காய் அதையும் மிஞ்சும். பல்லுக்கும் எலும்புக்கும் கேழ்வரகு. 100 கிராமில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம்; பாலில் சுமார் 120 தான். (கேழ்வரகில் உள்ள கால்சியம் முழுவதையும் உடல் எடுத்துக்கொள்ளாது. ஆகவே பாலை நிறுத்திவிடாதீர்கள்!) முட்டையும் முருங்கைக்கீரையும் சேரட்டும். கொய்யாவுக்கும் முட்டைக்கும் ஜி.எஸ்.டி. கிடையாது என்பதையும் கவனியுங்கள்.

அரசின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. பசிக்காக வந்த திட்டம்தான். ஆனால் சாம்பாரோடு பொங்கலோ உப்புமாவோ வயிறு நிறையச் சாப்பிட்ட பிள்ளை பெட்டிக்கடைப் பக்கம் ஓடுவது குறையும். என்னைக் கேட்டால், நம் பகுதிப் பற்களுக்கு வரிக் குறைப்பைவிட இதுதான் பெரிய உதவி. ஆறாம் வகுப்புக்குப் போன அண்ணன், அக்காவுக்கும் காலையில் பசிக்குமே என்பதுதான் என் குறை.

தண்ணீரையும் விட்டுவிட முடியாது. தோல் கழிவால் பாலாறு கெட்ட கதை உங்களுக்குத் தெரியும். சுப்ரீம் கோர்ட் 1996-லும், மறுபடி 2025 ஜனவரி 30-லும் தீர்ப்புச் சொன்ன வழக்கு அது. பல்லில் மஞ்சள், பழுப்புக் கறை வந்தால் அதற்கும் தோல் கழிவுதான் காரணம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது வேறு. பாறையிலிருந்து நிலத்தடி நீரில் கரையும் புளோரைடு அளவு மீறினால் பல் முளைக்கும் முன்பே எனாமலைப் பாதிக்கும். பக்கத்து தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இந்தத் தொல்லை மிகுதி. அதற்காகவே ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது. இந்தக் கறை தேய்த்தால் போகாது. அப்படிப்பட்ட நண்பனைப் 'பல் விளக்காதவன்' என்று கேலி செய்வது நியாயமே இல்லை.

இன்னொரு செய்தி. 2025 மே மாதம் சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளில் 'சர்க்கரைப் பலகை' வைக்கச் சொன்னது. எந்தத் தின்பண்டத்தில் எவ்வளவு சர்க்கரை என்று எழுதும் பலகை. உங்கள் பள்ளி எந்தப் பாடத்திட்டமாக இருந்தால் என்ன? ஒரு சார்ட் பேப்பர் போதும். காலிப் பாக்கெட்டுகளைச் சேகரியுங்கள். பின்பக்கம் சர்க்கரை எத்தனை கிராம் என்று அச்சிட்டிருக்கும். அது 100 கிராமுக்கா, ஒரு வேளைக்கா என்று பார்த்து, முழுப் பாக்கெட்டுக்கு எவ்வளவு என்று கண்டுபிடியுங்கள். அதை 5-ஆல் வகுத்தால் எத்தனை டீஸ்பூன் என்று வந்துவிடும். 200 மில்லி கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் இருந்து தொடங்குங்கள். 20 கிராமை ஒட்டி வரும் பாருங்கள்.