பதினாறு கோடியும் பதினைந்தாயிரத்துத் தொள்ளாயிரமும்

16 கோடி ரூபாய் ஊசி என்றால் இப்போது எல்லோருக்கும் தெரியும். 2021ல் தமிழ்நாட்டில் ஒரு குழந்தைக்காக ஊர் ஊராகக் காசு சேர்த்தார்களே, அந்த ஊசி. தில்லியில் நம்மவர்களின் வாட்ஸப் குழுக்களிலும் அந்த வேண்டுகோள் சுற்றிச் சுற்றி வந்தது. முடிந்ததைப் போட்டோம், நல்ல காரியம். ஆனால் அந்த எண் மட்டும் மனதில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது. "அந்த வியாதியா? ஐயோ, கோடிக்கணக்கில் ஆகுமே" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறோம்.

2025 அக்டோபரோடு அந்தக் கணக்கு மாறிவிட்டது. நான் டாக்டர் இல்லை. பி.காம் படித்துவிட்டு வங்கியில் கடன் கோப்பு பார்க்கிறவன். ஆனால் இந்த விஷயத்தில் பாதி மருத்துவம், மீதிப் பாதி கணக்குதான். அந்த தைரியத்தில் எழுதுகிறேன்.

ஸ்பைனல் மஸ்குலர் அட்ராபி, சுருக்கமாக எஸ்.எம்.ஏ. கோளாறு இருப்பது தண்டுவடத்தில். கை, கால், கழுத்து, விழுங்குவது, மூச்சு என்று எல்லாத் தசைகளுக்கும் கட்டளை அனுப்பும் நரம்பு செல்கள் அங்கே இருக்கின்றன. அவை உயிரோடிருக்க ஒரு புரதம் வேண்டும். அதைத் தயாரிக்கும் எஸ்.எம்.என்.1 என்கிற மரபணு அப்பா வழியிலும் அம்மா வழியிலும் பழுதாக வந்து சேர்ந்தால், அந்த செல்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. புத்திக்கு ஒன்றும் ஆவதில்லை. குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கும், ஆனால் தலை நிற்காது. கடுமையான வகையில், மருந்து இல்லாவிட்டால், இரண்டு வயதைத் தாண்டுவதே அபூர்வம்.

1995ல் பாரிஸில் இந்த மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். கூடவே இன்னொன்றும் தெரிய வந்தது. எஸ்.எம்.என்.2 என்று அதற்கு ஒரு இரட்டை இருக்கிறது. ஆனால் ஒரு சின்ன எழுத்துப்பிழையால் அது தயாரிக்கும் புரதத்தில் பெரும்பகுதி அரைகுறை. இந்த இரட்டையைத் திருத்தி வேலை வாங்க முடியுமா என்று யோசித்ததில் வந்தவைதான் இரண்டு மருந்துகள். ஸ்பின்ராசா (2016) முதுகு வழியாகப் போடும் ஊசி. ரிஸ்டிப்ளாம் (2020) தினமும் வாயால் குடிக்கிற மருந்து. 16 கோடி ஊசியான ஜோல்ஜென்ஸ்மா (2019) வேறு வழி: நல்ல மரபணுவையே உள்ளே அனுப்பிவிடுகிறது. மூன்றுக்கும் பொதுவான ஒரு விஷயம், செத்த செல் திரும்ப வராது. மிச்சமிருப்பதைத்தான் காப்பாற்ற முடியும், அதனால் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு லாபம். 2025ல் அமெரிக்காவிலிருந்து ஒரு செய்தி வந்தது. பிரசவத்துக்கு முந்தைய ஆறு வாரம் தாய்க்கே ரிஸ்டிப்ளாம் கொடுத்திருக்கிறார்கள். பிறந்த குழந்தைக்கு, அதே மருந்து தொடர, இரண்டரை வயதிலும் நோயின் அறிகுறியே இல்லை!

இனி நம் தில்லி சமாச்சாரம். ரிஸ்டிப்ளாமின் இந்திய விலை பாட்டிலுக்குச் சுமார் 6.2 லட்சம் ரூபாய். ஹைதராபாத்தின் நாட்கோ கம்பெனி அதே மருந்தைத் தயாரிக்க முன்வந்தது, ரோஷ் கம்பெனி காப்புரிமையைக் காட்டித் தடை கேட்டது. 2025 மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. அக்டோபர் 9ல் டிவிஷன் பெஞ்சும் அதையே சொன்னது. அக்டோபர் 17ல் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. (காப்புரிமை செல்லுமா செல்லாதா என்பதன் இறுதித் தீர்ப்பு இல்லை இது, அதையும் சொல்லிவிட வேண்டும்.) நாட்கோ விலை: பாட்டில் 15,900 ரூபாய்.

பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டிலில் 60 மில்லிகிராம். 20 கிலோவுக்கு மேல் எடையுள்ளவருக்கு தினம் 5 மில்லிகிராம், அதாவது பாட்டில் 12 நாள். வருஷத்துக்கு 30 பாட்டில் வைத்துக்கொள்வோம். பழைய விலையில் 1 கோடியே 86 லட்சம். புதிய விலையில் 4 லட்சத்து 77 ஆயிரம். சின்னக் குழந்தைக்கு இன்னும் குறையும்.

அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021ல் வந்தது. 2022 மே மாதத்திலிருந்து நோயாளி ஒருவருக்கு 50 லட்சம் வரை மத்திய அரசு உதவி. அந்த 50 லட்சத்தில் பழைய விலையில் 8 பாட்டில், 96 நாள். அப்புறம்? மருந்தை நிறுத்த வேண்டியதுதான். புதிய விலையில் அதே 50 லட்சம் பத்து வருஷத்துக்கு மேல் வரும். ஆனாலும் மருந்து ஆயுள் முழுக்க, உதவி ஒரே ஒரு தொகை என்றால், தவணைக் காலத்தைப் பார்க்காமல் கடன் தொகையை மட்டும் எழுதி வைத்த மாதிரி இருக்கிறது. என் மேஜைக்கு வந்தால் அந்தக் கோப்பைத் திருப்பி அனுப்பிவிடுவேன்! வருஷத்துக்கு இவ்வளவு என்று மாற்றி, அரசே மொத்தமாகப் பேரம் பேசி வாங்க வேண்டும். சீனா 2021 டிசம்பரில் அப்படிப் பேசித்தான் ஸ்பின்ராசாவை ஒரு ஊசி 7 லட்சம் யுவானிலிருந்து 33 ஆயிரத்துக்கு இறக்கியது. ஆராய்ச்சிக்குப் பணம் போட்டவனுக்கு லாபம் வேண்டாமா என்று கேட்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் வாங்க ஆளே இல்லாத விலையில் லாபம் எங்கிருந்து வரும்?

நம் பக்கத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. நாற்பது ஐம்பது பேரில் ஒருவர் இந்தப் பழுதான மரபணுவைச் சுமக்கிறார். அவருக்கு ஒரு தொந்தரவும் இருக்காது, தெரியவும் தெரியாது. கணவன் மனைவி இருவருமே சுமந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நோய் வர நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. தில்லியில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கும் ஊரில் அத்தை மகளையோ, அக்கா மகளையோ பேசி முடிக்கிறவர்கள் நம்மில் இன்னும் இருக்கிறார்கள். பையன் சுமப்பவனாக இருந்தால், அத்தை மகளும் சுமக்க எட்டில் ஒரு வாய்ப்பு. அக்கா மகளென்றால் நாலில் ஒன்று. சொந்தத்தில் கட்டாதே என்று சொல்ல நான் யார். ரத்தப் பரிசோதனை இருக்கிறது, "எஸ்.எம்.ஏ. கேரியர் டெஸ்ட்" என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஜாதகம் பத்தும் பொருந்துகிறதா என்று நாலு ஜோசியரிடம் காட்டுகிறோமே.

குழந்தை நாலைந்து மாதத்திலும் தலை நிற்காமல் துணி மாதிரித் துவண்டால், "எங்க வீட்டுல எல்லாமே லேட்டாத்தான் நடந்துச்சு" என்று பாட்டி போனில் சொல்வதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். அரசின் அரிய நோய் மையங்கள் இங்கே எய்ம்ஸிலும் மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரியிலும் இருக்கின்றன. முதலாவதற்கு மஞ்சள் லைனில் எய்ம்ஸ் ஸ்டேஷன், இரண்டாவதற்கு வயலட் லைனில் தில்லி கேட். கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள்.