மண்ணோடு பேசுவோம்: செவக்காட்டை விற்கும் முன் ஒரு குழி வெட்டுங்கள்

கேள்வி: ‘‘சாக்கோட்டை வட்டாரத்தில் எங்களுக்கு நாலு ஏக்கர் செவக்காடு இருக்கிறது. இரண்டு வருடம் ஆடிப்பட்டத்தில் கடலை விதைத்தோம். விதைத்த மறுநாள் மழை, பிறகு நல்ல வெயில். மேல்மண் ஓடு மாதிரி இறுகிப் பாதி விதைகூட முளைக்கவில்லை. அதன்பிறகு ஆடுதான் மேய்கிறது. இப்போது மூன்று அடி ஆழத்துக்கு மண் எடுத்துக்கொள்வதாகக் கிராவல்காரர்கள் கேட்கிறார்கள். கொடுத்துவிடலாம் என்கிறான் மகன். எனக்கு மனசு வரவில்லை. இந்த மண் எதற்காவது ஆகுமா?’’

- காரைக்குடி பக்கத்து வாசகர்

பதில்: மகன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டு முறை விதையும் உழவும் வீணான நிலத்தை யாரும் வருமானம் என்று எண்ண மாட்டார்கள். ஆனால், கடலை ஏன் முளைக்கவில்லை என்று தெரியாமலே மண்ணைக் கொடுத்துவிட்டால், பிறகு தெரிந்துகொண்டும் பயனில்லை. அதனால் முடிவெடுக்கும் முன் ஒரு நாள் வேலை இருக்கிறது. நிலத்தின் மேட்டில் ஒன்று, பள்ளத்தில் ஒன்றாக மூன்றடி ஆழத்துக்கு இரண்டு குழிகள் வெட்ட வேண்டும். குழியின் சுவரைப் பார்த்தாலே பாதி பதில் கிடைத்துவிடும்.

குழிக்குள் என்ன தெரியும்?

காரைக்குடி, கல்லல், தேவகோட்டை பக்கத்துச் செவக்காடுகளில் பொதுவாக மூன்று அடுக்குகளைக் காணலாம். மேலே அரை அடி முதல் ஒரு அடி வரை வெளிர் சிவப்பில் மணல் கலந்த மண். அதன்கீழ் அடர் சிவப்பில், ஈரத்தில் விரலில் ஒட்டும் களிச்செம்மண். அதற்கும் கீழே சரளையும், செம்புறாங்கல் எனப்படும் பொறைக்கல்லும். இந்த அடுக்குகளின் கனம் வயலுக்கு வயல் மாறும். சில இடங்களில் சரளை மேலேயே வந்துவிடும்.

மேலே மணலும் கீழே களியும் இருப்பதற்கு மழைதான் காரணம். பல ஆயிரம் ஆண்டுகளாகப் பெய்த மழை, மேல்மண்ணில் இருந்த நுண்ணிய களித்துகள்களைக் கரைத்துக் கீழே இறக்கிவிட்டது. சிவப்பு நிறம் இரும்பு ஆக்சைடால் வருகிறது. நிறத்தைப் பார்த்து இரும்புச்சத்து நிறைய இருக்கிறது என்று நினைக்கக் கூடாது. துருவாக இருக்கும் அந்த இரும்பைப் பயிர் எளிதில் எடுத்துக்கொள்ள முடியாது. தழைச்சத்தும் மணிச்சத்தும் துத்தநாகமும் இந்த மண்ணில் பெரும்பாலும் குறைவு. போடும் மணிச்சத்தில் ஒரு பகுதியை இரும்பும் அலுமினியமும் பிடித்துவைத்துக்கொள்ளும்.

கரிசலுக்கும் செவலுக்கும் உள்ள வித்தியாசம்

இரண்டிலும் களி இருக்கிறது. ஆனால், இரண்டும் ஒரே களி அல்ல. கரிசலில் இருப்பது மான்ட்மோரில்லோனைட் வகை. நீர் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். அந்த வெடிப்பில் மேல்மண் உதிர்ந்து உள்ளே போவதால், கரிசல் தன்னைத்தானே ஓரளவு கிளறிக்கொள்கிறது. செவலில் இருப்பது பெரும்பாலும் கயோலினைட் வகை. அது அவ்வளவாக உப்பாது, வெடிக்காது. சத்துகளைப் பிடித்துவைக்கும் திறனும் கரிசலைவிடப் பல மடங்கு குறைவு. எனவே செவலை மனிதர்தான் திறந்துவிட வேண்டும், உரத்தையும் பிரித்துப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

வாசகரின் கடலை முளைக்காமல் போனதும் இதனால்தான். வேகமாக விழும் மழைத்துளி கட்டியை உடைக்கிறது. நுண்துகள்கள் மண்ணின் துளைகளை அடைக்கின்றன. அடுத்து வெயில் அடிக்கும்போது இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் அந்தத் துகள்களைச் சாந்துபோலப் பிணைத்துவிடுகின்றன. அந்த ஓட்டை முளையால் உடைக்க முடிவதில்லை. அடுத்து வரும் மழைநீரும் உள்ளே இறங்காமல் ஓடிவிடுகிறது.

சிவகங்கை மாவட்டத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 900 மி.மீ. மழை பெய்கிறது. அதில் பாதியளவு வடகிழக்குப் பருவத்தில் சில வாரங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். அந்த நீர் ஓட்டின்மேல் ஓடிப்போனால், மழை பெய்த வருடமும் வயலுக்கு வறட்சிதான். செட்டிநாட்டின் முன்னோர் இதை நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள். செம்மண் மேட்டில் ஓடும் நீரை வரத்துக்கால் வழியே ஊருணிகளுக்குத் திருப்பினார்கள். கீழேயிருக்கும் களி அந்த நீரைத் தாங்கியது. காடு இழந்தது ஊருணிக்குக் கிடைத்தது.

திருத்துவது எப்படி?

முதலில் உழவு. ‘அகல உழுவதைவிட ஆழ உழு’ என்பது பழமொழி. செவக்காட்டில் அதற்கு ஒரு திருத்தம் வேண்டும். ஆழம் போகலாம், ஆனால் அடிமண்ணைப் புரட்டி மேலே கொண்டுவரக் கூடாது. புரட்டினால் களி மேலே வந்து ஓடு இன்னும் கெட்டியாகும். இதற்கு ஏற்றது உளிக்கலப்பை. அது மண்ணைப் புரட்டாமல் கீறிவிடும். அரை மீட்டர் இடைவெளியில் ஒரு திசையிலும், பிறகு அதற்குக் குறுக்காகவும் ஓட்ட வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை போதும். அத்துடன் ஏக்கருக்கு 5 டன் தொழுவுரம் அல்லது மட்கிய தென்னைநார்க்கழிவு இட்டால், கடலையில் சுமார் 30 சதவிகிதம் கூடுதல் மகசூல் கிடைக்கும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை.

அடுத்து மேல் ஓடு. ஏக்கருக்கு 800 கிலோ சுண்ணாம்புத் தூளைத் தொழுவுரத்துடன் சேர்த்து மேல்மண்ணில் கலக்கலாம். ஆனால், மண் பரிசோதனையில் கார அமிலநிலை பார்த்த பிறகுதான் சுண்ணாம்பு. ஏற்கெனவே சுண்ணாம்புத் தன்மையுள்ள மண்ணுக்கு அது தேவையில்லை.

விதைத்தபின் மழை பெய்து காய்ந்தால், கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. முளை வெளிவருமுன், மண் புட்டுப் பதத்தில் இருக்கும்போது முள்கட்டையை மேலாக இழுத்தாலே ஓடு உடையும். அழுத்தி இழுத்தால் முளை ஒடிந்துவிடும், கவனம். ஓட்டைத் தாங்கி முளைப்பதில் தட்டைப்பயறு கெட்டிக்காரப் பயிர். கடலைக்கு நடுவே சில வரிசை போட்டுப் பார்க்கலாம்.

சரிவுக்குக் குறுக்கே உழுவதும், வரப்பை உயர்த்துவதும் செலவு குறைந்த வேலைகள். பண்ணைக்குட்டை வெட்டுவதாக இருந்தால் களி அடுக்கிலேயே நிறுத்திக்கொள்ள வேண்டும். சரளை வரும்வரை தோண்டினால் நீர் கசிந்துவிடும்.

குழி சொல்லும் முடிவு

இரண்டு குழிகளிலும் சரளைக்கு மேல் இரண்டு அடிக்குக் குறையாத மண் இருந்தால் கடலை, துவரை, வரகு எல்லாம் வரும். ஓர் அடிக்குள்ளேயே சரளை வந்தால், வருடா வருடம் உழுது விதைப்பது நட்டம். அப்படிப்பட்ட நிலத்தை மேய்ச்சலாகவே வைத்துக்கொள்ளலாம். ஆனால், இப்போது இருப்பதுபோல அல்ல. வருடம் முழுக்க ஆடு மேய்ந்தால் நல்ல புல் அழிந்து, குளம்படியில் மண் மேலும் இறுகும்.

நீலக் கொழுக்கட்டைப்புல் மூன்று வரிசைக்கு முயல் மசால் ஒரு வரிசை என்று விதைக்கலாம். முயல் மசால் விதைக்குத் தோல் கடினம். 80 டிகிரி சூட்டில் உள்ள நீரில் நான்கு நிமிடம் போட்டெடுத்து, இரவு முழுவதும் குளிர்ந்த நீரில் ஊறவைத்து விதைக்க வேண்டும். முதல் வருடம் ஆட்டை உள்ளே விடாமல் அறுத்துப் போட வேண்டும். பிறகு நிலத்தை நான்காகப் பிரித்து, மாற்றி மாற்றி மேய்க்கலாம். செட்டிநாட்டில் உள்ள அரசு கால்நடைப் பண்ணையின் மேய்ச்சல் நிலமும் இதே செம்மண் பூமிதான்.

மண்ணைக் கொடுத்தால்?

ஓர் ஏக்கரில் மூன்று அடி எடுத்தால் 1,30,680 கன அடி, அதாவது சுமார் 1,300 யூனிட் மண் போகும். அதில் மேல்மண்ணும் களியும் போய்விடும். மிஞ்சுவது சரளையும் பொறையும். மழையில் நீர் தேங்கும், வெயிலில் கல்லாகும், புல்கூட முளைக்காது. ஓர் அங்குல மேல்மண் உருவாகவே நூற்றாண்டுகள் ஆகும். பட்டா நிலமானாலும், 1959-ம் ஆண்டின் தமிழ்நாடு சிறுகனிம சலுகை விதிகளின்படி உரிய அனுமதி இல்லாமல் மண் எடுத்து விற்க முடியாது என்பதையும் மகனுக்குச் சொல்ல வேண்டும்.

கிராவல்காரர் தரும் பணம் ஒருமுறை வரும். அதை மகனும் தந்தையும் கூட்டிக் கழித்துப் பார்க்கட்டும். ஆனால், குழி வெட்டிப் பார்த்த பிறகு கணக்குப் போடட்டும்.

சின்னக் கேள்விகள்

‘கடலைக்கு ஜிப்சம் போட்டால் மேல் ஓடு உடையுமா?’ - கல்லல்

மானாவாரிக் கடலைக்கு விதைத்த 40 நாள்களுக்கு மேல் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைப்பது, சுண்ணாம்பு, கந்தகச் சத்துகளுக்காகவும் காய் பொக்கில்லாமல் திரள்வதற்காகவும். அந்த நேரத்தில் முளைப்புப் பிரச்னை முடிந்துபோயிருக்கும். ஓட்டுக்கு மருந்து, விதைப்புக்கு முன் இடும் தொழுவுரம்தான்.

‘மண் பரிசோதனைக்கு எங்கே மண் எடுப்பது?’ - திருப்பத்தூர்

வரப்போரம், மரத்தடி, எருக்குழி பக்கம் வேண்டாம். பத்துப் பன்னிரண்டு இடங்களில் ‘வி’ வடிவில் அரையடி ஆழம் வெட்டி, ஓரத்து மண்ணைச் சுரண்டிக் கலந்து, கால் பங்கிட்டுக் குறைத்து அரைக் கிலோ எடுத்தால் போதும். மேடும் பள்ளமும் தனித்தனி மாதிரி. வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலோ, குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்திலோ விவரம் கேட்கலாம்.