மயிர்க்கொட்டியும் 'மருந்தும்'

வண்ணாத்திப்பூச்சியைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடுகிறோம். அடுத்த நாள் முற்றத்துத் தேசிக்கன்றில் அதே பூச்சியின் புழுவைக் கண்டால் செருப்பைக் கழற்றுகிறோம். இரண்டும் ஒரே உயிர்தான் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். சோதினை முடிய அந்தப் படிப்பும் முடிந்துவிட்டது. இந்த மறதியோடுதான் எங்களுக்குச் சண்டை.

இறுப்பிட்டியில் மாரி தொடங்கினால் முருங்கையில் மயிர்க்கொட்டி வரும். உடம்பில் பட்டால் கடி, தடிப்பு, சின்னப்பிள்ளையளின் அழுகை. உடனே ஒரு குரல் கேட்கும்: "மருந்தடியுங்கோ!" கொஞ்சம் பொறுங்கோ. இந்தப் புழு பகலில் அடிமரத்தில் கும்பலாக ஒட்டிக்கொண்டு கிடக்கும். இரவில்தான் மேலே ஏறி இலை தின்னும். இந்த ஒரு பழக்கம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. எங்கட அம்மம்மாமாருக்கு அது தெரிந்திருந்தது. காய்ந்த ஓலையைச் சூளாகக் கட்டி, பகலில் மரத்தடியில் காட்டினார்கள். யூப்டெரோட் மொலிபெரா என்ற விஞ்ஞானப் பெயர் அவர்களுக்குத் தெரியாது, ஆனால் பூச்சியைக் கவனித்திருந்தார்கள். நாங்களோ அடிமரத்தில் கிடக்கிற புழுவுக்கு இலையில் நஞ்சடிக்கிறோம். அந்த இலையைத்தான் பிறகு வறை வறுத்துச் சாப்பிடுகிறோம்.

நஞ்சை 'மருந்து' என்று சொல்லிப் பழகியதே முதல் பிழை. மருந்து என்றால் கூடக் கொடுத்தால் கெதியாகச் சுகம் வரும் என்ற நினைப்பும் கூடவே வரும். 1953இல் ஜாவாவில் கோவாவைத் தின்னும் வைரமுதுகு அந்துப்பூச்சி டீ.டீ.டீ.க்கு அசையாமல் நின்றதைப் பதிவு செய்தார்கள். அடித்த நஞ்சில் சாகாமல் தப்பியவை பெருகின, அவற்றின் பிள்ளைகளும் தப்பின. அதற்குப் பிறகு வந்த நஞ்சுகளையும் ஒவ்வொன்றாக அந்தப் பூச்சி வென்றுகொண்டே போனது. இயற்கையான பற்றீரியாவிலிருந்து எடுத்த பி.டி.யைக்கூட அது விட்டுவைக்கவில்லை. 'இன்னும் கடுமையான சாமான் இருக்கோ அண்ணை' என்று கடையில் கேட்கிறவர்களுக்கு இந்தக் கதையை ஆர் சொல்லியிருக்கிறார்கள்? விற்கிறவரே ஆலோசகராகவும் இருந்தால் வேறென்ன நடக்கும்!

இதில் தீவார் இழப்பது மற்றவர்களைவிடக் கூட. எங்களுக்கு ஆறில்லை. சுண்ணாம்புக்கல்லுக்குள் உப்புத்தண்ணிக்கு மேலே மிதக்கிற மெல்லிய நன்னீர்ப் படைதான் எங்கட சொத்து. மண்ணில் விழுகிறது கல்லின் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கக் கனகாலம் எடுக்காது. பவுசர் வரும் வரைக்கும் குடத்தோடு காத்திருந்த சனம், மிஞ்சியிருக்கிற நல்ல கிணறுகளுக்குப் பக்கத்தில் நின்று நஞ்சடிப்பதைப் பார்க்க வயிறெரிகிறது.

விவசாயியைப் பட்டினி கிடக்கச் சொல்லவில்லை. வழி இருக்கிறது, அதுவும் இந்த நாட்டிலேயே. தென்னோலையின் பச்சையைச் சுரண்டித் தின்னும் கருந்தலைப்புழு பனையையும் தொடும். லுணுவிலவில் இருக்கிற தென்னை ஆராய்ச்சி நிலையம் அந்தப் புழுவில் முட்டையிடும் சிறு குளவிகளை வளர்த்துத் தோட்டங்களில் விட்டிருக்கிறது. குளவிக்குஞ்சு புழுவைத் தின்று வளரும். கண்டபாட்டுக்கு நஞ்சடித்தால் முதலில் சாகிறது இந்தக் குளவி. பிறகு புழுவுக்குக் கொண்டாட்டம்.

'எங்கட தீவுக்கு இதெல்லாம் எதுக்கு?' என்பவர்களுக்கு ஒன்று. அமெரிக்கக் கண்டத்துப் படைப்புழு 2016இல் மேற்கு ஆபிரிக்காவில் தென்பட்டது. 2018இல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்து சோளத்தை அழித்தது. ஒரே இரவில் 100 கிலோமீற்றர் பறக்கக்கூடிய அந்துப்பூச்சிக்குப் பாக்கு நீரிணை வெறும் வாய்க்கால். அடுத்தது எங்கட வளவில் இறங்கினால் அதை அடையாளம் காண இங்கே எத்தனை பேர் இருக்கிறோம்?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் துறை இருக்கிறது, கிளிநொச்சியில் விவசாய பீடம் இருக்கிறது. பட்டத்துக்காக ஆங்கிலத்தில் எழுதப்படுகிற ஆய்வேடு அலுமாரிக்குள் போனால், புழுவோடு நிற்கிற தோட்டக்காரனுக்கு அது இல்லாததுதான். ஒரு பக்கச் சுருக்கமாவது தமிழில் எழுதி சனசமூக நிலையத்தில் ஒட்ட என்ன தடை? 1880 முதல் 1887 வரை பிரெடெரிக் மூர் லண்டனில் இலங்கைப் பூச்சிகளைப் பற்றி மூன்று பெரிய தொகுதிகள் போட்டார். அதற்கான படங்களை வரைந்தவர்கள் இந்த நாட்டின் டி அல்விஸ் குடும்பத்துச் சித்திரக்காரர். புழுவையும் அது தின்னும் செடியையும் சேர்த்தே வரைந்தார்கள். நாங்கள் நூற்றிநாற்பது வருசத்துக்குப் பிறகும், இலங்கையில் இருக்கிற ஏறத்தாழ 250 இனங்களையும் 'வண்ணாத்திப்பூச்சி' என்ற ஒரே சொல்லால் கூப்பிடுகிறோம். தமிழ்நாடு 2019இல் 'தமிழ் மறவன்' என்ற பூச்சியை மாநிலச் சின்னமாக்கியது. அங்கே தமிழில் பேர் வைக்க ஆக்கள் இருந்தார்கள்.

புலம்பெயர்ந்த உறவுகளுக்கும் ஒரு வார்த்தை. 1991 இடப்பெயர்வுக்குப் பிறகு பற்றை மூடின வளவுகளைத் துப்புரவாக்கக் காசு அனுப்புகிறீர்கள், நல்லது. ஆனால் பெக்கோ வந்து எல்லாவற்றையும் வழித்துத் துடைத்தால் வேலியோரத்து ஆடுதின்னாப்பாளையும் போகும். கறுப்புச் செட்டையில் சிவப்புப் பொட்டு வைத்த அந்தப் பெரிய வண்ணாத்தியின் புழுவுக்கு அதுவும் அதன் இனத்துச் செடிகளும்தான் சாப்பாடு. ஒரு மூலையையாவது விட்டு வையுங்கோ.

நாங்கள் இந்த மாரிக்கு ஒரு வேலை வைத்திருக்கிறோம். முதல் மழை பெய்த இரவுகளில் வெள்ளை வேட்டி ஒன்றைக் கட்டி, பின்னால் ஒரு பல்ப்பைக் கொழுவுவோம். வருகிற அந்துகளைப் படமெடுத்து, எண்ணி, திகதியோடு கொப்பியில் எழுதுவோம். பேர் இல்லாததுக்குப் பேர் வைப்போம். முருங்கையில் முட்டை கண்டால் எந்த வளவில், எந்தக் கிழமை என்று குறிப்போம். வர விரும்புகிறவர்கள் ரோச் லைற்றும் கொப்பியும் கொண்டு வாங்கோ. நுளம்பு கடிக்கும், முழுக்கைச் சட்டை போடுங்கோ.