வலிக்கும்வரை காத்திருக்கக் கூடாது!

நாற்று நடும் பெண்ணுக்கும், நூற்பாலையில் நின்றபடியே அறுந்த இழையை முடியும் பெண்ணுக்கும் ஒரே கணக்குத்தான். வலி தாங்க முடியாமல் போனால்தான் ஆஸ்பத்திரி. ஒரு நாள் போய் வந்தால் அன்றைய கூலி போயிற்று. பஸ் சார்ஜ் வேறு. இந்தக் கணக்கை யார் குறை சொல்ல முடியும்? வயிறு போட்ட கணக்கு அது.

ஆனால் மார்பகப் புற்றுநோய் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படுவதில்லை. ஆரம்பத்தில் தோன்றும் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. தோல் சுருங்கி, புண்ணாகி, வலி கண்ட பிறகு ஓடினால், டாக்டர் கையை விரிக்கும் நிலை வந்துவிடுகிறது. 2022-ம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் சுமார் 1,92,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டது. சுமார் 98,000 பேர் மாண்டனர் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது.

ஆகவே, நோய் முற்றுமுன்பே தேடிப் பிடிக்க வேண்டும். எப்படித் தேடுவது? மூன்று வழிகள் சொல்லப்படுகின்றன. மாமோகிராம் என்னும் எக்ஸ்ரே. தன் மார்பைத் தானே தடவிப் பார்ப்பது. பயிற்சி பெற்றவர் கையால் பரிசோதிப்பது. இவற்றில் எது உயிரைக் காக்கிறது என்று உலகில் பல இடங்களில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

முதலில் எக்ஸ்ரே. 1963-ல் நியூயார்க்கில் சுமார் 62,000 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மாமோகிராமும் கைப் பரிசோதனையும் சேர்த்துச் செய்தனர். அந்தப் பிரிவில் சாவு குறைந்தது. கையில் தட்டுப்படாத சிறு கட்டியையும் எக்ஸ்ரே காட்டும்; அது அதன் பலம். பலவீனமும் உண்டு. இளம் வயதில் மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் படத்தில் கட்டி மறைந்துபோகலாம். பிரிட்டனில் 2012-ல் ஆராய்ந்த நிபுணர் குழு, மாமோகிராமால் சாவு ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது என்றது. அதே குழு, காப்பாற்றப்படும் ஒரு உயிருக்கு மூன்று பெண்கள் வீதம், வாழ்நாளில் தொல்லை தந்திருக்காத கட்டிக்காகச் சிகிச்சைக்கு ஆளாகிறார்கள் என்றும் கணக்கிட்டது. யந்திரம் வேண்டும், படம் எடுப்பவர் வேண்டும், படத்தைப் படித்துச் சொல்லும் டாக்டர் வேண்டும். இவை மூன்றும் எத்தனை கிராமங்களுக்குப் பக்கத்தில் இருக்கின்றன?

அடுத்தது சுயபரிசோதனை. இதைச் சோதித்த இடம் ஆலைத் தொழிலாளருக்குச் சொந்தமான இடம். சீனாவின் ஷாங்காய் நகரில் 519 ஜவுளி ஆலைகளைச் சேர்ந்த சுமார் 2,66,000 பெண்களிடையே 1989-ல் சோதனை தொடங்கியது. பாதிப் பேருக்கு ஆலையிலேயே முறையாகக் கற்றுக்கொடுத்தார்கள், மேற்பார்வையில் பழக்கினார்கள், அடிக்கடி நினைவூட்டினார்கள். 2002-ல் முடிவு வெளியாயிற்று. கற்ற பிரிவில் 135 சாவு. கல்லாத பிரிவில் 131. வித்தியாசம் இல்லை! தீங்கில்லாத கட்டிகளை அறுத்துப் பார்த்ததுதான் அதிகமாயிற்று. பெண்கள் செய்த தவறல்ல இது. "நீயே தடவிப் பார்த்துக்கொள்" என்று ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்துவிட்டுச் சுகாதார இலாகா கை கழுவ முடியாது என்பதே இதன் பாடம்.

மூன்றாவது, பயிற்சி பெற்றவரின் கை. பம்பாயில் டாட்டா நினைவு மருத்துவமனையின் டாக்டர்கள் 1998-ல் இதைத் தொடங்கினார்கள். 35 முதல் 64 வயது வரையுள்ள சுமார் 1,51,000 ஏழைப் பெண்கள் இதில் சேர்ந்தனர். ஒரு பிரிவினரை இரண்டாண்டுக்கு ஒரு முறை, நான்கு சுற்று பரிசோதித்தார்கள். பரிசோதித்தவர்கள் டாக்டர்கள் அல்லர். பயிற்சி பெற்ற பெண் சுகாதார ஊழியர்கள். இருபதாண்டு கழித்து, 2021-ல் வெளியான முடிவு என்ன? முற்றிய நிலையில் கண்டுபிடிக்கப்பட்ட நோய் நூற்றுக்கு 47-லிருந்து 37 ஆகக் குறைந்தது. ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களில் சாவு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்தது.

முழு உண்மையையும் சொல்லியாக வேண்டும். ஐம்பது வயதுக்கு உட்பட்டவர்களிடம் சாவு திட்டமாகக் குறைந்ததென்று காட்ட முடியவில்லை. எல்லா வயதினரையும் சேர்த்துப் பார்த்தால் பலன் 15 சதவீதம்தான், அதுவும் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. கை எல்லாவற்றையும் கண்டுவிடாது. ஆனாலும், யந்திரம் வரும்வரை ஒன்றும் செய்ய முடியாது என்ற சாக்கு இனிச் செல்லாது.

மத்திய சர்க்கார் 2016-ல் வெளியிட்ட வழிமுறை, முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒரு முறை கைப் பரிசோதனை என்கிறது. பம்பாயில் பலன் கண்டது இரண்டாண்டுக்கு ஒரு முறை செய்து! அந்த ஐந்தாண்டு விதியாவது நடக்கிறதா? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 30 முதல் 49 வயதுப் பெண்களில் எப்போதாவது மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

ஆகவே நாம் கோருவது இது. பயிற்சி பெற்ற பெண் ஊழியர்கள் ஆலைக்கும் சேரிக்கும் தேடி வர வேண்டும். இரண்டாண்டுக்கு ஒரு முறை, மறைவான அறையில், கூலிப் பிடித்தம் இல்லாமல் பரிசோதிக்க வேண்டும். கட்டி தட்டுப்பட்டவரைத் தாமதமின்றி எக்ஸ்ரேக்கும் ஊசிப் பரிசோதனைக்கும் அனுப்பி, சிகிச்சை முடியும்வரை கைவிடாமல் பார்க்க வேண்டும். சிகிச்சை தராத பரிசோதனை பெண்ணுக்குப் பயத்தை மட்டுமே தரும். யூனியன்கள் போனஸ், பஞ்சப்படிக் கோரிக்கைகளோடு இதையும் எழுதிச் சேர்க்கட்டும்.

சகோதரிகளே! பரிசோதனைக் குழு வரும்வரை காத்திருக்க வேண்டாம். மார்பிலோ அக்குளிலோ புதிதாகக் கட்டி தட்டுப்பட்டாலும், தோல் குழிந்தாலும், காம்பு உள்ளிழுத்தாலும், இரத்தம் கசிந்தாலும் அந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கட்டிகளில் பெரும்பாலானவை புற்றாக இருப்பதில்லை. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவர் டாக்டர். வெட்கப்பட்டு மறைக்க இதில் எதுவும் இல்லை. தோழர்களே! உங்கள் மனைவியோ தாயோ தயங்கினால், ஒரு நாள் கூலி போனாலும் போகட்டும் என்று நீங்களே உடன் அழைத்துச் செல்லுங்கள்.